வட்டமாய் உட்கார்ந்த பிள்ளைகள்

யுத்தத்தில் வென்ற பிரிட்டனிலேயே, போர்க்காலத்தில்கூடப் பங்கீடு செய்யப்படாத ரொட்டி 1946 முதல் ஈராண்டுகள் பங்கீட்டுக்கு உட்பட்டது என்பதையும், அவ்வாண்டு ஆகஸ்டிலிருந்து முதற்குழந்தை நீங்கலாக மற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் 5 ஷில்லிங் உதவித்தொகையை அந்நாட்டு அரசாங்கம் அளித்தது என்பதையும் நினைவிற்கொண்டால், அத்தகைய உபகாரம் எதுவுமின்றி, அரிசி அளந்தே கிடைத்த அதே நாட்களில், பல்லாவரத்து ஓட்டு வீடுகளில் ஏழெட்டுப் பிள்ளைகளை வளர்த்த தாய்மாரின் சாமர்த்தியம் எத்துணை மகத்தானது என்பது விளங்கும்.

அந்தி மயங்கியதும் பிள்ளைகளைக் கூடத்தில் வட்டமாக உட்காரவைத்து, மத்தியானத்து மிச்சச் சாதத்தைப் பிசைந்து, ஒவ்வோர் உள்ளங்கையிலும் ஓர் உருண்டை வைத்து, அதன் நடுவே கட்டைவிரலால் குழித்து, வற்றல் குழம்பு விடுவாள் தாய். கடைக்குட்டியின் உருண்டை சற்றே பெரிதாயிருக்கும். மூத்தவள் அதைக் கண்டும் காணாதவள்போல் இருந்துவிடுவாள். அந்த மௌனத்தைத்தான் நான் பெருங்குடும்பத்தின் முதற்பாடம் என்பேன். அண்ணன் சட்டை தம்பிக்கு. அக்காள் பாவாடை, டக்குப் பிரித்துப் பிரித்து அவளுக்கே எட்டாமற்போனபின், தங்கைக்கு.

வெள்ளிக்கிழமைச் சந்தையில் பேரம் பேசிய காய்கறியே வாரம் முழுவதற்கும் ஆதாரம். 1952 ஜூனில் ராஜாஜியின் அரசாங்கம் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கிற்று; அதன் பின்னரும், உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் எடுத்துவைக்கும் வழக்கத்தைத் தாய்மார் விடவில்லை.