கடலுக்குப் பட்டா இல்லை

எல்-70 பீரங்கி நிமிடத்துக்கு முந்நூறு குண்டு வரை சுடும். நாலு நாலாகக் கிளிப்பில் கோத்த ரவுண்டுகளை மேலிருந்து திணித்துக்கொண்டே இருக்க வேண்டும். கை சற்றுத் தாமதித்தாலும் பீரங்கி நின்றுவிடும். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டு, குழாயை விட்டு நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும். அது விமானத்தைக் குறிதவறாமல் அடிப்பது நான்கு கிலோமீட்டருக்குள்தான். ஆனால் இலக்கில் படாத குண்டுக்குப் பத்து கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும் வலு உண்டு. வெடிமருந்து நிரப்பிய குண்டு குறித்த நேரத்தில் வானிலேயே தானாக வெடித்துச் சிதறிவிடும். பயிற்சிக்கான ரவுண்டு அப்படியே இறங்கும். எப்படியிருந்தாலும் அத்தனை இரும்பும் எங்கேயாவது விழுந்துதானே ஆக வேண்டும்?

அது விழுவதற்கென்று ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் வங்கக் கடல் இருக்கிறது. கோபால்பூருக்குப் பக்கத்தில் கோலாபந்தாவில் ராணுவ வான் பாதுகாப்புக் கல்லூரி. எதிரி விமானத்தைத் தரையிலிருந்து சுடும் படைப்பிரிவு எங்களுடையது. முன்பு பீரங்கிப் படையோடு சேர்ந்திருந்தோம். 1994 ஜனவரியில் தனிப் பிரிவானோம். நாட்டின் எந்த மூலையில் பணி என்றாலும், சுட்டுப் பழகப் பெரும்பாலும் இந்தக் கரைக்குத்தான் வர வேண்டியிருக்கும். குடியாத்தம் பக்கத்திலிருந்து போன நானும் அந்த மணலில் நின்று சுட்டவன்தான், பிற்பாடு மற்றவர்களைச் சுட வைத்தவன்.

ஊருக்கு வந்தால் நண்பர்கள் கேட்பார்கள்: “ஏன் கடல்? மலையைப் பார்த்துச் சுடக் கூடாதா?” துப்பாக்கிக்கு மலை போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 2021 டிசம்பர் கடைசியில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கம் என்ன நடந்தது? துப்பாக்கிச் சுடும் தளத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, வீட்டிலிருந்த பதினொரு வயதுப் பையனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாட்களில் அந்தப் பிள்ளை போய்விட்டது. சாதாரணத் துப்பாக்கிக்கே இந்த கதி. வானத்தை நோக்கி அகல விரித்துச் சுடுகிற ஆயுதத்துக்கு முன்னால் வீடும் சாலையும் இல்லாத பரப்பு பல கிலோமீட்டர் வேண்டும். நம் நாட்டில் நிலத்தில் அது பாலைவனத்தை விட்டால் வெகு அபூர்வம். அதனால்தான் கரையில் பீரங்கியை நிறுத்திக் கடலைப் பார்த்துச் சுடுகிறோம்.

சுடுவதற்கு முன்னால் வரைபடத்தில் விசிறி மாதிரி ஒரு வடிவம் வரைவோம். பீரங்கி நிற்கும் இடம் விசிறியின் காம்பு. குழாய் இடப்பக்கம் எவ்வளவு திரும்பலாம், வலப்பக்கம் எவ்வளவு திரும்பலாம், குண்டு அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகும், சிதறல் எவ்வளவு தெறிக்கும், எல்லாவற்றையும் கூட்டி அதற்கும் மேல் கொஞ்சம் சேர்த்தால் கிடைப்பது ஆபத்துப் பகுதி. அதை முன்கூட்டி மாவட்ட நிர்வாகத்துக்கும் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் அறிவிக்க வேண்டும். அன்றைக்குக் கரையில் சிவப்புக் கொடி ஏறும், இருட்டினால் சிவப்பு விளக்கு. இலக்காக ஆளில்லா விமானம் ஒன்று பறக்கும். பெங்களூரில் வடிவமைத்த ‘லக்ஷ்யா’ அந்த வகைதான். வேலை முடிந்ததும் பாராசூட்டில் கடலில் இறங்கும், மீட்டு எடுத்துக்கொள்ளலாம்.

சேஃப்டி டூட்டி என்று ஒன்று உண்டு. எனக்குக் கொடுத்த வேலைகளிலேயே மிகக் கனமானது அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். சுடுகிறவன் வானத்தைப் பார்ப்பான். சேஃப்டிக்கு நிற்பவன் கடலைப் பார்க்க வேண்டும். பைனாகுலரில் அலைக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால், அது மிதக்கும் கட்டையா படகா என்று யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. “ஸ்டாப்!” என்று கத்திவிட வேண்டியதுதான். இலக்கு விமானம் எரிபொருள் தீர்ந்து வீணாகிறதே என்று யார் முறைத்தாலும் பின்வாங்கக் கூடாது. பெரும்பாலும் அந்தப் புள்ளி படகாகத்தான் இருக்கும். வலையை இழுத்துக்கொண்டு இரண்டு மூன்று பேர்.

அவர்கள் நோலியாக்கள். ஒடிசாவின் தென்கரையில் தலைமுறை தலைமுறையாகக் கடலில் போகிற தெலுங்கு பேசும் மீனவர்கள். ஊரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தெலுங்குதான் என்பதால் அவர்களோடு எனக்குப் பேச்சு சுலபமாக ஒட்டிக்கொண்டது. ஓய்வு நாட்களில் மீன் வாங்கப் போவேன். ஃபைபர் படகின் நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், “அண்ணா, கொடி ஏறினது தெரிந்தும் ஏன் உள்ளே வருகிறீர்கள்? உயிர் முக்கியமில்லையா?” என்று கேட்டேன். ஊசியை நிறுத்தாமலேயே சொன்னார்: “பாபு, கொடி ஏறுவதற்கு முன்னாலேயே நாங்கள் வலையை விட்டாயிற்று. வலை ஓடுகிற பக்கம்தானே நாங்களும் ஓடணும்? வலையை விட்டுவிட்டுக் கரைக்கு வா என்றால், அது என் வீட்டை விட்டுவிட்டு வா என்கிற மாதிரி.”

விடியலுக்கு முன் இருட்டில் கடலுக்குப் போகிறவனுக்குக் காலையில் ஏறும் கொடி எந்த வகையில் அறிவிப்பு? நீரோட்டம் இழுத்துப்போகும் வலைக்கு எங்கள் விசிறியின் கோடு எப்படித் தெரியும்? வரைபடத்தில் அந்தப் பரப்பு வெறும் நீல நிறம். ஆனால் அந்தப் பெரியவருக்கு அதில் எங்கே சேறு, எங்கே பாறை, எந்த மாதம் எந்த மீன் என்று எல்லாம் தெரியும்.

ராணுவம் பயிற்சிக்காக நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்த ஒரு சட்டம் இருக்கிறது. 1938ஆம் ஆண்டில் இயற்றிய போர்ப் பயிற்சி மற்றும் பீரங்கிப் பயிற்சிச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தது என்று ஒதுக்கிவிட முடியாது, அதில் நியாயமான விஷயமும் உண்டு. ஆபத்துப் பகுதியிலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் வெளியேற்றினால் இழப்பீடு தர வேண்டும், வேலை இழப்பையும் பயிர் கெடுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறது. ஆனால் படித்துக்கொண்டு போனால் கண்முன் வருவது வயலும் மாடும்தான். வயலுக்குச் சர்வே நம்பர் உண்டு, எவ்வளவு பயிர் போயிற்று என்று வருவாய்த் துறை அதிகாரி அளந்துவிடலாம். கடலுக்குப் பட்டா இல்லை. போகாத நாளில் பிடிபடாத மீனை யார் எடை போடுவது?

இதே ஒடிசாவின் வடக்குக் கரையில் இதற்கு நேர்மாறாக நடந்தது. பாலேசுவரம் மாவட்டத்து பலியாபாலில் ஏவுகணைச் சோதனைத் தளம் அமைக்க 1980களின் நடுவில் மத்திய அரசு தீர்மானித்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் காலியாக வேண்டும். வெற்றிலைக் கொடிக்கால், தென்னை, முந்திரி, கடலை என்று மணற்பாங்கான மண்ணிலும் பொன் விளைவித்த ஜனங்கள். மூங்கில் தடுப்புகளைச் சாலைக்குக் குறுக்கே கட்டினார்கள். அரசாங்க வண்டி தென்பட்டால் சங்கு முழங்கும், தட்டுகளைத் தட்டுவார்கள், அடுத்த நிமிடம் சாலை முழுக்க ஆணும் பெண்ணும் குழந்தைகளும் படுத்துவிடுவார்கள். வருடக்கணக்கில் அதிகாரிகளால் உள்ளே நுழையவே முடியவில்லை. கடைசியில் அந்தத் திட்டத்தை அரசு கைவிட்டது.

தளம் பலியாபாலுக்கு வரவில்லையே தவிர, சோதனை நிற்கவில்லை. தெற்கே சாந்திபூரில் இடம் ஏற்கெனவே தயாராக இருந்தது. அந்தக் கடற்கரை ஓர் அதிசயம். வற்றம் வந்தால் கடல் நாலைந்து கிலோமீட்டர் பின்வாங்கிப்போய், அடி மணல் முழுக்க வெயிலில் கிடக்கும். பிறகு ஏற்றத்தில் திரும்பி வரும். இந்த ஒரு குணத்துக்காகவே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர்கள் அங்கே பீரங்கிக் குண்டுகளைப் பரிசோதிக்கும் நிலையத்தை வைத்தார்கள். கடலை நோக்கிச் சுட்ட குண்டைத் தண்ணீர் வடிந்ததும் சேற்றிலிருந்து தோண்டி எடுத்து, சரியாக வெடித்ததா, எப்படிச் சிதைந்தது என்று பார்க்கலாம். படைகளுக்குப் போகும் குண்டுகளை மாதிரி எடுத்துச் சுட்டுப் பார்ப்பது அங்கே இன்றைக்கும் நடக்கிறது. 1989 மே 22 அன்று முதல் அக்னி ஏவுகணை கிளம்பியதும் சாந்திபூரிலிருந்துதான். பிற்பாடு தாம்ரா முகத்துவாரத்துக்கு எதிரே இருந்த வீலர் தீவும் சேர்ந்துகொண்டது. ராமேசுவரத்துப் பிள்ளையான கலாம் தேர்ந்தெடுத்த தீவு. 2015இல் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

பலியாபாலில் தடுப்புக் கட்ட மண் இருந்தது. அலைமேல் மூங்கிலை எங்கே நடுவது? கடலை விலை பேசாமல் எடுத்துக்கொள்ள முடிகிறது என்பதற்கு இதைவிட வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. நான் படையை விட்டுக்கொடுத்துப் பேசவில்லை. சுட்டுப் பழகாத பீரங்கிக்காரன் போரில் தன் பக்கத்தில் நிற்பவனுக்கே எமன். ரேஞ்ச் கட்டாயம் வேண்டும். அதற்கான விலையை நாடு முழுக்கப் பகிர்ந்துகொள்ளாமல் நோலியாக் குப்பத்தின் தலையில் மட்டும் வைப்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

போதாக்குறைக்கு ஆமைக்காகவும் கடல் மூடப்படுகிறது. கோபால்பூருக்கு வடக்கே ருஷிகுல்யா ஆறு கடலில் சேரும் மணலில் பங்குனி ஆமைகள் லட்சக்கணக்கில் முட்டையிட ஏறும். அவற்றைக் காக்க தாம்ரா, தேவி, ருஷிகுல்யா முகத்துவாரங்களை ஒட்டிய கடலில் நவம்பர் 1 முதல் மே 31 வரை மீன்பிடிக்கத் தடை. ஆமைக்கு அது வேண்டியதுதான். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் கடல் என்று நம்பி ஓடும் என்பதால், ஏவுகணைத் தீவின் விளக்குகளையே மறைக்கச் சொல்லி வனத்துறை கேட்டிருக்கிறது. ஆனால் ஏழு மாதத் தடை நடக்கும் அதே வறண்ட, மேகமில்லாத பருவம்தான் வானத்தைப் பார்த்துச் சுடவும் வசதி. ஆக, ஆமைக் கோட்டுக்கு வெளியே மிச்சமிருக்கும் கடலிலும் மீனவனுக்குச் சிவப்புக் கொடி.

செய்ய வேண்டியது பெரிய காரியமே இல்லை. சுடும் தேதிகளை ஒரு மாதம் முன்பே தெலுங்கிலும் ஒடியாவிலும் எழுதி, மீன் இறங்கும் ஒவ்வொரு துறையிலும் ஒட்ட வேண்டும். நேரத்தை விடியற்காலையிலிருந்து நண்பகலுக்குத் தள்ள முடிந்த நாளில் தள்ள வேண்டும். விசிறியின் எல்லை எங்கே என்று மீனவனின் செல்போனில் தெரியும்படி செய்யலாம். மூடிய ஒவ்வொரு நாளுக்கும் அன்று மாலைக்குள் கூலி கொடுக்க வேண்டும். அதைப் படகுச் சொந்தக்காரருக்கு மட்டும் கொடுத்தால் போதாது. கூலிக்குப் போகிற ஆளுக்கும் பங்கு வேண்டும். அலுமினியக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பிரம்மபூர் சந்தை வரை போய் விற்கிற பெண்களுக்கும் வேண்டும். படகு போகாத நாளில் அவர்களுக்கும் பிழைப்பு இல்லை. ஆனால் படகின் பதிவுப் புத்தகத்தில் அவர்கள் பெயர் கிடையாது, இழப்பீட்டுப் பட்டியல் எழுதுகிறவர்கள் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதுவார்கள்.