முற்றத்துப் பறவைகள் – 12: மயிலுக்கு எமன் கோழிதான்

மயிலையும் முட்டைக்கோழியையும் ஒன்றாக வளர்க்கலாமா என்ற கேள்விக்கு நம் நாட்டில் இடமில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை அது. பிடித்து அடைத்தால் வழக்குதான். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நிலைமை வேறு. தோட்டத்து அழகுக்கு மயிலும் காலை உணவுக்கு நாலைந்து கோழிகளும் வைத்திருப்பவர்கள் அங்கே உண்டு. அவர்களில் பலருக்கும் முதல் கவலை கோழியைப் பற்றித்தான். ஆண் மயில் நான்கு முதல் ஆறு கிலோ வரை இருக்கும், காலில் முள் வேறு. முட்டைக்கோழியின் எடை பெரும்பாலும் இரண்டு கிலோவை ஒட்டித்தான். இணைசேரும் பருவத்தில் மயில் சேவலை விரட்டும், தீனித்தொட்டியை மறித்து நிற்கும். பொய்யில்லை. ஆனால் இடத்தைத் தாராளமாக்கி, தொட்டியை இரண்டாக்கினால் இந்தச் சண்டை பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காத ஆபத்து எதிர்த்திசையிலிருந்து, சத்தமே இல்லாமல் வருகிறது. அதைக் கொண்டுவருவது கோழி.

அதன் பெயர் கருந்தலை நோய். பெயர்தான் அப்படி, நோய் கண்ட பறவைக்கெல்லாம் தலை கறுப்பதில்லை. கெடுவது குடலும் ஈரலும். ஹிஸ்டோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் உயிரியே காரணம் என்று 1895-இல் தியோபால்ட் ஸ்மித் விவரித்தார். அவர் ஆராய்ந்தது அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்து வான்கோழிகளை. இந்த உயிரி வெளியே எச்சத்தில் கிடந்தால் சீக்கிரமே செத்துப்போகும். அப்படியிருந்தும் அது பிழைத்து வருவது கோழியின் குருட்டுக்குடலில் வாழும் ஒரு சிறு புழுவின் தயவால். அந்தப் புழுவின் முட்டைக்குள் புகுந்துகொண்டால் மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முடியும். 1920-இல் இந்தத் தொடர்பு சோதனையில் உறுதியானது. மண்புழு அந்த முட்டையை விழுங்கினால், அதுவும் ஒரு சேமிப்புக் கிடங்குதான். மழை விட்டதும் மண்புழு மேலே வரும், மயில் கொத்தும். கோழிக்கு இதே தொற்று பெரும்பாலும் வெளியே தெரியவே தெரியாது. கொண்டையும் சிவப்பாக இருக்கும், முட்டையும் குறையாது. மயிலோ, அதிலும் குஞ்சு, சிறகைத் தொங்கவிட்டு, கந்தக மஞ்சளாய் எச்சமிட்டு, சில நாளில் சுருண்டுவிடும்.

‘எங்கள் முற்றத்தில் பல வருடமாய் ஒன்றாகத்தான் மேய்கின்றன, ஒன்றும் ஆகவில்லையே’ என்பார்கள். ஆகாமலிருக்க வாய்ப்புண்டு. எல்லாக் கோழியிடமும் அந்தப் புழு இருப்பதில்லை, எல்லாப் புழு முட்டையிலும் அந்த உயிரி இருப்பதில்லை. ஆனால் வெளியிலிருந்து வாங்கி வரும் ஒரே ஒரு கோழி போதும், கணக்கு மாறிவிடும். குடற்புழு மருந்தை நம்புகிறவர்களுக்கும் ஒரு சிக்கல்: ஃபென்பெண்டசோல் புழுவைக் கொல்லுமே தவிர மயிலின் ஈரலுக்குள் நுழைந்துவிட்ட உயிரியைக் கொல்லாது, மண்ணில் கிடக்கும் முட்டையையும் தொடாது. உயிரியை அடக்கவல்ல மெட்ரோனிடசோலை உணவுக்கு முட்டையிடும் கோழிக்குக் கொடுக்க அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் தடை. வான்கோழிப் பண்ணைகள் நம்பியிருந்த நைட்டார்சோன் என்ற ஆர்சனிக் மருந்தும் 2015 முடிவோடு அமெரிக்கச் சந்தையிலிருந்து போய்விட்டது.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இந்தியக் காடுகளில் மயிலும் காட்டுக்கோழியும் ஒரே சருகைத்தானே கிளறுகின்றன? கிளறுகின்றன. ஆனால் காட்டில் எச்சம் பரந்து விழுகிறது, மேய்ச்சலும் நாளுக்கு நாள் இடம் மாறுகிறது. முற்றத்தில் அதே கையகல மண்ணை அதே கோழிகள் தினமும் மிதித்து எச்சமிடுகின்றன. தவிர, காட்டில் செத்த குஞ்சுகளை யார் எண்ணிப் பார்த்தார்கள்?

தீனியிலும் ஒரு தகராறு உண்டு. முட்டைக்கோழித் தீவனத்தில் ஓட்டுக்காக நூற்றுக்கு மூன்றரை முதல் நான்கு பங்கு சுண்ணாம்புச் சத்து இருக்கும். வளரும் குஞ்சுக்கு ஒரு பங்கு அளவே போதும், மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். இதற்குத் தனித்தொட்டி போதும். மண்ணுக்குத்தான் தனிவழி கிடையாது. நடுவே கம்பிவலை கட்டினாலும் மண் ஒன்றுதான். செருப்பிலும் மண்வெட்டியிலும் புழு முட்டை ஒட்டிக்கொண்டு மறுபக்கம் போகும். கோழியை விற்றுவிட்டு அதே இடத்தில் மயிலை விடுவதும் உதவாது. கோழி கால் வைக்காத நிலம் வேண்டும். குஞ்சுகளையாவது தரையில் விடாமல் உயர்த்திய கம்பித் தளத்தில் வளர்க்க வேண்டும். அப்படியானால் மயில் முட்டையை அடைகோழிக்கு வைத்துப் பொரிக்கும் பழைய வழக்கம் என்னாவது? அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.