பழைய வில்லுக்கத்தியை இரும்பு விலைக்குப் போடாதீர்கள்



சிறு முதலில் தொடங்கக்கூடிய தொழில் ஏதாவது சொல்லுங்கள் என்று பலர் கேட்கிறார்கள். இந்த வாரம் பலருக்கும் தோன்றாத ஒன்றைச் சொல்கிறேன். பழைய வில்லுக்கத்திகளைத் தேடிச் சேர்ப்பதும் சீர்செய்வதும்தான் அது. பெரும் பணம் தரும் தொழில் அல்ல. ஓய்வு நேரத்தில் செய்து, நாலு காசும் பார்க்கக்கூடிய வேலை.

வில்லுக்கத்தி என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. அலகு பிடிக்குள் மடங்கும். பிடியின் முதுகில் உள்ள எஃகு வில்லு, அலகைத் திறந்தாலும் மூடினாலும் இறுக்கிப் பிடிக்கும். சாரத்துக்கு மேல் கட்டும் அகன்ற பெல்ட்டின் பைக்குள் எங்கள் வாப்பாமார் அதை வைத்திருந்தார்கள். வலைக்கயிறு வெட்டவும், பாக்குச் சீவவும், மாங்காய் நறுக்கவும் அது ஒன்றே போதுமாக இருந்தது. இன்று அதைப் பழைய இரும்பு வாங்குபவரின் தராசில் காண்கிறோம்.

மன்னார் மக்களுக்கு இது வெறும் இரும்புக் கணக்கு அல்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம் போன்ற ஊர்களின் சனம் கையில் அகப்பட்டதோடு படகேறிக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனது. நகை, காணி உறுதி, வீட்டுச் சாமான் எல்லாம் போன பிறகு, மடியில் இருந்த ஒரு கத்தி மட்டும் மிஞ்சிய வீடுகள் இருக்கின்றன. ஆகவே யாராவது வாப்பாவின் கத்தியை விற்கக் கொண்டு வந்தால், முதலில் அதன் கதையைக் கேளுங்கள். நல்ல கத்தி என்றால் அதன் பெறுமதியைச் சொல்லுங்கள். அதன் பிறகும் அவர் விற்க விரும்பினால் வாங்குங்கள். அறியாதவரிடம் இரும்பு விலைக்கு வாங்குவது கெட்டித்தனம் அல்ல.

அடையாளம் காண்பது எப்படி?

அலகு பிடியோடு சேரும் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பெயரும் முத்திரையும் அங்கேதான் இருக்கும். பிரித்தானியர் காலத்தில் பேர் பெற்றவை இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துக் கத்திகள். ஜோசப் ரொட்ஜர்ஸ் கம்பனியின் அடையாளம் ஒரு நட்சத்திரமும் மோல்டா சிலுவையும். ஜோர்ஜ் வொஸ்டன்ஹோம் கம்பனியின் அடையாளம் ஐ எக்ஸ் எல் என்ற மூன்று எழுத்துக்கள். ஜேர்மனியின் ஸோலிங்கன் நகரப் பெயர் இருந்தாலும் கவனித்து எடுங்கள்.

முடிச் சின்னத்தோடு வி ஆர் என்று இருந்தால் விக்டோரியா மகாராணியின் காலம், அதாவது 1901 வரை. ஜி ஆர் என்றால் ஜோர்ஜ் மன்னர்களின் காலம். துருப்பிடிக்காத எஃகை ஹரி ப்ரியர்லி ஷெஃபீல்டில் உருவாக்கியது 1913இல். ஆகவே ஸ்டெயின்லெஸ் என்று பொறித்த கத்தியை 150 வருடப் பழசு என்று யாராவது விற்க வந்தால் சலாம் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். ரொட்ஜர்ஸ் பெயரில் போலிகள் அந்தக் காலத்திலேயே வந்தவை. எழுத்துக் கூட்டலை நன்றாகப் பாருங்கள்.

எங்கள் கொல்லர்கள் அடித்த கத்திகளில் பெயர் இருக்காது. அவற்றின் பெறுமதி எந்த ஊர், யாருடைய கை என்பதில் இருக்கிறது. அதை அன்றே எழுதி வைக்காவிட்டால் பிறகு கிடைக்காது.

பிறகு கத்தியைத் திறந்து மூடுங்கள். "டக்" என்ற சத்தத்தோடு இறுகினால் வில்லு நல்லது. அலகு பக்கவாட்டில் ஆடினால் ஆணி தேய்ந்திருக்கிறது; அதைச் சரி செய்யலாம். வில்லு உடைந்திருந்தாலோ, தீட்டித் தீட்டி அலகு பாதியாகியிருந்தாலோ புதியவர்கள் தொட வேண்டாம்.

முத்துச்சிப்பிப் பிடி போட்ட கத்தியைக் கண்டால் இது மன்னார்ச் சிப்பி என்று சொல்லி விலை கூட்டுவார்கள். நம்ப வேண்டாம். எங்கள் கடலின் முத்துச்சிப்பி சிறியது, ஓடும் மெல்லியது. கத்திப் பிடிக்குத் தடித்த ஓடு வேண்டும். அது அவுஸ்திரேலியா போன்ற தூரக் கடல்களின் பெரிய சிப்பியிலிருந்து எடுத்தது.

சீர்செய்யும் முறை

புதிதாக்குவது சீர்செய்வது ஆகாது. கெடுவதை நிறுத்துவதுதான் வேலை. செந்துரு கத்தியைத் தின்னும். அதை எடுக்க வேண்டும். அலகில் படிந்த சாம்பல் கருமை வயதின் நிறம். அது இரும்புக்குக் காவலும்கூட. அதை விட்டுவிடுங்கள். பளபளப்பாக்கப் போய் முத்திரையையும் தேய்த்து விட்டால் பாதி விலை போய்விடும்.

முதலில் மடிப்புக்குள் கிடக்கும் அழுக்கை ஈர்க்கினால் கிண்டி எடுங்கள். துரு உள்ள இடத்தில் தையல் மெசின் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊற வையுங்கள். மிக மெல்லிய இரும்புப் பஞ்சால் மெதுவாகத் தேயுங்கள். மின்சாரச் சாணைச் சக்கரத்தில் பிடிக்கவே கூடாது. சூட்டில் அலகில் நீலம் ஓடினால் எஃகின் பதம் போய்விட்டது. பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. கையால் சாணைக்கல்லில் அளவாகத் தீட்டினால் போதும்.

தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், நாளடைவில் பிசினாகிவிடும். தோல் உறைக்குள்ளும் வைத்திருக்கக் கூடாது. மன்னாரின் உப்புக்காற்றில் தோல் ஈரத்தை இழுத்து அலகைத் துருவாக்கும். எண்ணெய் தொட்ட துணியில் சுற்றி வையுங்கள்.

தந்தம்போல் தோன்றும் சில பிடிகள் செலுலோயிட். விரலால் சூடேறத் தேய்த்து மணந்தால் கற்பூர வாசம் வரும். அது எளிதில் தீப்பற்றும். பழசாகும்போது அதிலிருந்து வரும் வாயு பக்கத்துக் கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும். தனியாக வையுங்கள்.

பிடி உடைந்திருந்தால் எருமைக் கொம்பு, கருங்காலி, பனை வைரம் ஆகியவற்றால் மாற்றலாம். பித்தளை ஆணியை நகை வேலை செய்பவரிடம் கொடுத்தால் சுத்தமாக அடித்துத் தருவார். தந்தமும் ஆமையோடும் வேண்டவே வேண்டாம். இரண்டும் வனவிலங்குச் சட்டத்தில் மாட்டும். 2016 ஜனவரியில் காலிமுகத் திடலில் அரசாங்கம் 359 தந்தங்களை நொறுக்கியது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

சட்டமும் கணக்கும்

கத்தி கொண்டு திரிவதைக் கட்டுப்படுத்தும் பிரித்தானியர் காலச் சட்டமும், ஆயுதங்கள் பற்றிய 1966ஆம் ஆண்டின் சட்டமும் எங்கள் நாட்டில் உண்டு. 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பிறகு, வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கும்படி பொலிஸார் அறிவித்ததையும், வீடு வீடாக நடந்த சோதனைகளையும் எங்கள் சமூகம் மறக்கவில்லை. ஆகவே பொத்தானை அமுக்கினால் பாயும் கத்தி, வாள், கட்டாரி எதையும் தொடாதீர்கள். சேர்த்த கத்திகளைப் பூட்டி வையுங்கள். வெளியூர் கொண்டு போவதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக் கொள்ளுங்கள். 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய பொருளாக இருந்தால், தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

ஒரு கொப்பி போடுங்கள். வாங்கிய திகதி, விலை, யாரிடம், எந்த ஊர், என்ன பழுது, என்ன செலவு என்று ஒவ்வொரு கத்திக்கும் ஒரு பக்கம் எழுதி, படமும் எடுத்து வையுங்கள். விசாரணை வந்தால் அது சாட்சி. விற்கும்போது அதுவே விலை. உதாரணத்துக்கு 500 ரூபாவுக்கு வாங்கி, ஆணிக்கும் கூலிக்கும் 300 ரூபா செலவழித்தால் அடக்கவிலை 800. உங்கள் மூன்று மணி நேர உழைப்பையும் சேர்த்தே இலாபம் பாருங்கள். முதலில் மூன்று கத்தியோடு நிறுத்துங்கள். ஒன்றை விற்ற பிறகு அடுத்ததை வாங்குங்கள். கடன்பட்டுச் சேர்க்க வேண்டாம்.

விற்கும்போது மாற்றியதைச் சொல்லி விற்க வேண்டும். பிடி புதியது, ஆணி புதியது, அலகு மட்டும் பழையது என்றால் அப்படியே சொல்லுங்கள். தானியக் குவியலுக்குள் கை விட்டு, உள்ளே ஈரம் மறைந்திருந்ததைக் கண்டு கண்டித்த நபி (ஸல்) அவர்களின் வரலாறு எல்லா வியாபாரிக்கும் தெரிந்ததுதான். கத்தியில் மறைக்கும் பழுதும் அந்த ஈரம் போன்றதே.

வீட்டில் பழைய பெட்டி இருந்தால் இந்த ஜும்ஆவுக்குப் பிறகு திறந்து பாருங்கள். இரும்புக்காரர் வருவதற்கு முன் உங்கள் வாப்பாவின் கத்தி உங்கள் கைக்கு வரட்டும், இன்ஷா அல்லாஹ்.