கொட்டியாரமும் 'கறி' என்னும் சொல்லும்

ஆங்கிலேயர் அன்றாடம் வழங்கும் உணவுப் பெயர்களுள் 'கறி' என்பது தமிழிலிருந்து சென்றது என்பதைப் பலரும் அறிவர். அச்சொல்லை ஆங்கில நூலிற் பதித்த முன்னோடிகளுள் ஒருவர் திருக்கோணமலைத் துறைமுகத்தின் தென்பாலுள்ள கொட்டியாரக் குடாவிலே சிறைப்பட்டவர் என்பதை அறிந்தோர் சிலரே.

அவர் றொபேட் நொக்ஸ். புயலிற் பாய்மரமிழந்த 'ஆன்' என்னும் கப்பல் செப்பனிடுவதற்காகக் கொட்டியாரம் வந்தது. 1660இல் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் அவரையும் கப்பற்றலைவரான தந்தையையும் பிடித்தனர். தந்தை சிறையிலேயே மாண்டார். மகனோ 1679இல் தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தரை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல், காய்களை அவித்துச் சோற்றுக்குச் சுவையூட்ட உடனுண்ணும் பண்டத்தைக் 'கறி' என்கிறது. பொருள் விளக்கம் பழுதற்றது. ஆயின், அது போர்த்துக்கேயச் சொல் என்கிறார் நொக்ஸ்!

தமிழர் வாழும் கரையிலே பிடிபட்டவர் இவ்வாறு எழுதியது வியப்பே. எனினும் அவர் நெடுங்காலம் வாழ்ந்தது மலைநாட்டுச் சிங்கள மக்களிடையே. ஐரோப்பியர் நாவில் அச்சொல் 'கரில்' என்ற போர்த்துக்கேய வடிவில் உலவியமையால் மயங்கினார் போலும். 1886இல் யூல், பேணல் என்போர் வெளியிட்ட 'ஹொப்சன்-ஜொப்சன்' அகராதி இம்மயக்கத்தை நீக்கியது. மூலம் தமிழென்றும், போர்த்துக்கேயர் கைக்கொண்டது அதன் கன்னட வடிவமென்றும் அது கூறும். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ஆங்கிலச் சமையல் நூலொன்றின் பெயரிலுள்ள 'கியூரி' என்பதே மூலமென்பாரும் உளர். அது சமைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்வழி வந்தது. ஒலியொப்புமையன்றி உறவேதும் இல்லை.

தமிழிலோ இச்சொல்லின் வேர் ஆழமானது. சங்கநூல்களிற் கறி என்பது மிளகு. காவிரிப்பூம்பட்டினத்திற் குவிந்த பண்டங்களுள் கறிமூடைகளையும் பட்டினப்பாலை எண்ணுகிறது. கடித்துண்ணுதலைக் கறித்தல் என்பதும் பழவழக்கே. அமெரிக்க நாட்டு மிளகாயைப் போர்த்துக்கேயர் கொணரும்வரை நம் உணவுக்குக் காரம் தந்தவற்றுள் மிளகே தலையாயது. அவர்கள் தந்தது மிளகாயேயன்றிச் சொல்லன்று.

1747இல் ஹன்னா கிளாஸ் எழுதிய சமையல் நூலிற் கறி ஆக்கும் முறை இடம்பெற்றது. பின்னர் அப்பெயர் இங்கிலாந்திலே கடைத்தூளுக்கும் உரியதாயிற்று. தமிழ்நாட்டிற் பெரும்பாலும் இறைச்சியையே அது சுட்டுகின்றது. ஈழத்திலோ நொக்ஸ் குறித்த பொருள் இன்றும் மாறவில்லை. கொட்டியாரத்து அடுக்களையில் மீனும் கறி, பருப்பும் கறி, கத்தரிக்காயும் கறி. சந்தையிற் கிடக்கும் சமைக்காத காய்கூட மரக்கறிதான்.