ஏரோபிரிட்ஜ்: படி ஏறாமல் விமானம் ஏற ஒரு பாலம்!

கள்ளிக்குப்பத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்குக் கிளம்பினால், அம்பத்தூர் நெரிசலைக் கடந்து, பைபாஸில் ஏறி, மதுரவாயல், போரூர் தாண்டிப் போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிடும். மூட்டுவலி உள்ள பாட்டிகூட அந்தப் பயணத்தை காரில் உட்கார்ந்தபடி சமாளித்துவிடுவார். அவரை மலைக்க வைப்பது விமானத்தின் வாசலில் நிற்கும் சுமார் 20 படிகள்தான்!

அந்தப் படிகளுக்கு மாற்றாக வந்ததுதான் ‘ஏரோபிரிட்ஜ்’. முனையக் கட்டடத்திலிருந்து விமானத்தின் கதவு வரை நீளும் மூடிய நடைபாலம். ‘பணக்கார வசதி’ என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முதியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வருபவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் ஆகியோருக்கு இதுதான் பாதை.

எப்போது வந்தது?

விமானப் பயணம் தொடங்கிய காலத்தில் எல்லோருக்கும் படிக்கட்டுதான். மழையோ வெயிலோ, ஓடுதளப் பகுதியில் நடந்துபோய்த்தான் ஏற வேண்டும். 1950-களில் விமானங்கள் பெரிதாகி, கூட்டமும் கூடியபோது மாற்றுவழி தேவைப்பட்டது. 1958 மார்ச்சில் அமெரிக்காவின் சிகாகோ ஓ’ஹேர் விமான நிலையத்தில் நீண்டு சுருங்கும் நடைபாலம் பயன்பாட்டுக்கு வந்தது. அடுத்த ஆண்டு சான்ஃபிரான்சிஸ்கோவிலும் அமைத்தார்கள். பிறகு உலகம் முழுக்கப் பரவியது. 2010-இல் திறக்கப்பட்ட டெல்லியின் மூன்றாவது முனையத்தில் மட்டும் 78 ஏரோபிரிட்ஜ்கள் அமைக்கப்பட்டன.

எப்படி இயங்குகிறது?

பார்க்க எளிமையாகத் தெரிந்தாலும், இது பெரிய இயந்திரம். கட்டடத்தை ஒட்டி வட்டமான ஒரு கூடம் இருக்கும். பாலம் இடமும் வலமும் திரும்புவது அங்கிருந்துதான். அதிலிருந்து ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு அல்லது மூன்று எஃகுக் கூடுகள் நீளும். கீழே சக்கரங்கள் பூட்டிய தூண் இருக்கும். பயிற்சி பெற்ற ஊழியர், முனையில் உள்ள அறையில் நின்று ‘ஜாய்ஸ்டிக்’ மூலம் பாலத்தை ஓட்டிவந்து, கதவோடு அங்குலம் அங்குலமாகப் பொருத்துவார்.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. பயணிகளும் பெட்டிகளும் இறங்க இறங்க எடை குறைந்து, விமானம் மெல்ல உயரும். எரிபொருள் நிரப்பினால் தாழும். பாலம் அசையாமல் நின்றால் கதவு சேதமாகிவிடும். அதனால் விமானத்தின் உடலைத் தொட்டபடி ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. விமானம் ஏறி இறங்குவதை அது உணர்ந்து சொல்ல, பாலமும் கூடவே ஏறி இறங்குகிறது.

நாம் ஏன் எப்போதும் இடதுபக்கக் கதவு வழியாகவே ஏறுகிறோம் தெரியுமா? கப்பல் காலத்துப் பழக்கம் அது. பயணிகள் இடதுபக்கம் ஏற, பெட்டிகளும் உணவும் பெரும்பாலும் வலதுபக்கம் ஏறும். இரு வேலைகளும் ஒன்றையொன்று இடிக்காது.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

சென்னை விமான நிலையத்தை ஆண்டுக்கு 2 கோடிக்கும் அதிகமான பயணிகள் பயன்படுத்துகிறார்கள். 2023 ஏப்ரல் 8 அன்று 1,260 கோடி ரூபாய்ச் செலவில் புதிய ஒருங்கிணைந்த முனையத்தின் முதல் கட்டம் திறக்கப்பட்டது. அடுத்த கட்டத்துக்காகப் பழைய சர்வதேச முனையம் இடிக்கப்பட்டது. முனையம் வளர வளர, பாலங்களும் கூடுதலாகத் தேவைப்படும்.

ஒரு பாலத்தின் விலை சில கோடி ரூபாய். சீனாவின் சி.ஐ.எம்.சி. டியாண்டா, அமெரிக்காவின் ஜெட்வே என்று இதைத் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் உலகில் சிலவே. எனவே விலையை மட்டும் பார்த்து வாங்கினால் போதாது. ஏர்பஸ் ஏ-320 விமானத்தின் கதவு தரையிலிருந்து சுமார் மூன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். பெரிய விமானங்களுக்கு இன்னும் உயரம். இரண்டுக்கும் பொருந்த வேண்டும். சக்கர நாற்காலியைத் தள்ளும் அளவுக்குச் சரிவு மிதமாக இருக்க வேண்டும். சென்னை வெயிலில் எஃகுக் கூடு அடுப்பாகிவிடாதபடி குளிர்சாதனமும் தேவை.

பாலத்தோடு சேர்த்து மின்சாரமும் குளிர்காற்றும் விமானத்துக்குத் தரும் கருவிகளைப் பொருத்தினால் இன்னொரு லாபம். விமானத்தின் வாலில் இருக்கும் துணை இன்ஜினை நிறுத்திவிடலாம். எரிபொருள் மிச்சம், புகையும் சத்தமும் குறைவு.

எல்லாவற்றையும்விட முக்கியம் பராமரிப்பு. எஃகு வேலை, மோட்டார், கியர், ஹைட்ராலிக்ஸ் எல்லாம் 1964 முதல் இயங்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பழக்கமான சங்கதிகள்தான். உதிரி பாகத்துக்கு வெளிநாட்டைப் பார்த்துக் காத்திருக்காமல், இங்கேயே செய்துகொள்ள வழிசெய்யும் ஒப்பந்தமாக இருந்தால் பாலம் பழுதாகி நிற்கும் நாள்கள் குறையும்.

பாலம் இருந்தும் பேருந்து ஏன்?

பாலம் கண்ணெதிரே சும்மா நிற்க, நம்மைப் பேருந்தில் ஏற்றிப் படிக்கட்டில் விடுவதும் நடக்கிறது. பாலத்துக்கு விமான நிறுவனம் தனிக் கட்டணம் கட்ட வேண்டும் என்பது ஒரு காரணம். படிக்கட்டு வைத்தால் முன், பின் கதவுகள் இரண்டையும் திறந்து சீக்கிரம் ஏற்றி இறக்கலாம் என்பது இன்னொன்று. செலவை மிச்சம் பிடிக்கப் பாலத்தைத் தவிர்க்கும் போக்கை நாடாளுமன்ற நிலைக்குழுவே சுட்டிக்காட்டியிருக்கிறது. சேலம் போன்ற ஊர்களுக்குப் பறக்கும் ஏ.டி.ஆர். ரக விமானங்கள் தாழ்வானவை. கதவிலேயே படி இருப்பதால், அவற்றுக்குப் பொதுவாகப் பாலம் பயன்படுவதில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

வீட்டுப் பெரியவர்களுக்கு டிக்கெட் எடுக்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

• பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பே சக்கர நாற்காலி வேண்டும் என்று விமான நிறுவனத்திடம் பதிவு செய்யுங்கள்.

• ‘வீல்சேர் வேண்டும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அதில் மூன்று வகை உண்டு. படி ஏற முடியும், தூரம் நடக்க முடியாது என்றால் ‘டபிள்யு.சி.எச்.ஆர்.’ படி ஏறவே முடியாது என்றால் ‘டபிள்யு.சி.எச்.எஸ்.’ இருக்கை வரை தூக்கிச் செல்ல வேண்டும் என்றால் ‘டபிள்யு.சி.எச்.சி.’ சரியான வகையைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். வகை மாறிவிட்டால் படிக்கட்டின் கீழே நின்று தவிக்க நேரும்.

• பாலம் இல்லையென்றால் ‘ஆம்புலிஃப்ட்’ கேளுங்கள். இது வண்டியில் பொருத்திய மின்தூக்கி அறை. பாலம் இல்லாத விமான நிலையங்களுக்காக விமான நிலைய ஆணையம் வாங்கிய ஆம்புலிஃப்ட்களில் ஒரே நேரத்தில் 6 சக்கர நாற்காலிகளை ஏற்றலாம்.

2024 பிப்ரவரியில் மும்பையில் 80 வயதுப் பயணி ஒருவர், சக்கர நாற்காலி போதாமல், மனைவியின் நாற்காலியோடு நடந்தே போய், குடியேற்றச் சோதனைப் பகுதியில் மயங்கி உயிரிழந்தார். அந்த விமான நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. போன உயிர் வரவில்லை.

புதிய பாலங்களை வாங்குவது டெண்டரோடு முடிகிற வேலை. அவை தினமும் இயங்குகின்றனவா, விமானங்கள் அவற்றில் வந்து நிற்கின்றனவா என்று பார்ப்பது தொடர்ந்து செய்ய வேண்டிய வேலை. அடுத்தமுறை பாலம் காலியாக இருந்தும் உங்களைப் படியேற்றினால், விமான நிறுவனத்துக்கு ஒரு புகார் அனுப்புங்கள். உங்களுக்கு அந்த 20 படிகள் பெரிதில்லாமல் இருக்கலாம். உங்கள் பின்னால் வரிசையில் நிற்கும் பாட்டிக்கு அப்படியில்லை.