செலவு ஓர் ஏட்டில், வரவு வேறு ஏட்டில்

டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடக்கூடிய கணக்குதான், சார். "போதையில் போய் விழுந்தது அவன், வைத்தியம் மட்டும் என் வரிப்பணத்திலா?" என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இதற்குக் கணக்கே போட்டுப் பார்த்தது. 1994-ல் வெளிவந்த அந்த ஆய்வுக்கு 'கால்டேட்டா' என்று பெயர்.

1992-ல் அங்கே குடிக்கோ போதைப்பொருளுக்கோ அடிமையான ஏறக்குறைய 1,50,000 பேர் சிகிச்சை பெற்றார்கள். செலவு 20.9 கோடி டாலர். வரி கட்டுகிறவர்களுக்கு மிச்சமானது சுமார் 150 கோடி டாலர். ஒன்று போட்டு ஏழு எடுத்த கணக்கு.

சிகிச்சை முடித்தவர்கள் வேலைக்குப் போய்ச் சம்பாதித்ததால் வந்த பணம் என்று நினைப்பீர்கள். இல்லை. ஆய்வு கணக்கில் எடுத்த காலத்தில் அவர்களின் வருமானம் உயரவே இல்லை. மருத்துவமனையில் போய்ப் படுப்பது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதில் கொஞ்சம் மிச்சம். பெரும்பங்கு, குற்றங்கள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்ததால் வந்தது.

காரணம் எளிது. ஹெராயின் பழகிய உடம்பு ஒரு நாளைக்கே மூன்று நான்கு தடவை அதைக் கேட்கும். கிடைக்காவிட்டால் வலி, வாந்தி, நடுக்கம். கைக்காசு தீர்ந்ததும் கண் அடுத்தவர் பொருள்மேல் போகும். மெத்தடோன் என்ற மருந்தை நாளுக்கு ஒரு வேளை வாய்வழியாகக் கொடுத்தால் அந்த அவஸ்தை நாள் முழுக்க அடங்கியிருக்கும். அடங்கினால் காசுக்கு அலைய வேண்டியதில்லை.

ஆனால் திருட்டுப் பொருள் அழிந்துபோவதில்லை, கைதான் மாறுகிறது. சமூகம் மொத்தத்தையும் ஒரே குடும்பமாக வைத்துப் பார்த்தால் அதை நஷ்டத்தில் சேர்க்க முடியாது. அதைக் கழித்த பிறகும், பெரும்பாலான சிகிச்சை முறைகளில் போட்டதற்கு இரண்டு முதல் நான்கு மடங்கு திரும்பி வந்தது.

அப்புறம் ஏன் பல அரசுகள் சிகிச்சைக்குத் தாராளமாகச் செலவழிப்பதில்லை? செலவு விழுவது சுகாதாரத் துறையின் ஏட்டில். மிச்சமாவது போலீஸ், கோர்ட், ஜெயில், பூட்டு உடைபடாத கடைக்காரர் என்று பல ஏடுகளில். களவு போகாத பொருளுக்கு யார் ரசீது கொடுப்பார்கள்?

அதே 1994-ல் ராண்ட் ஆய்வு நிறுவனம் இன்னொரு கணக்கை வெளியிட்டது. அமெரிக்காவில் கோக்கைன் பயன்பாட்டை ஒரு சதவீதம் குறைக்க, சிகிச்சை வழியாகப் போனால் 3.4 கோடி டாலர் பிடிக்கும். உள்நாட்டில் போலீஸை வைத்துப் பிடித்தால் 24.6 கோடி. சரக்கு நாட்டுக்குள் வரும் வழியிலேயே மடக்கினால் 36.6 கோடி. விளைகிற நாட்டுக்கே போய் ஒழித்தால் 78.3 கோடி. கடைசி மூன்றுக்கும் டிவியில் காட்ட மூட்டை மூட்டையாகச் சரக்கு கிடைக்கும். சிகிச்சையில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது?

"சரி, நாளைக்கே மறுபடி விழுந்துவிட்டால்?" என்று கேட்பீர்கள். பலர் விழத்தான் செய்கிறார்கள். ஆனால் சிகிச்சையில் இருக்கும் ஒவ்வொரு நாளும், அன்றைய செலவை அன்றைக்கே ஈட்டிவிடுகிறது என்கிறது கால்டேட்டா. அந்த நாளில் நடக்காமல் போன குற்றங்களே போதுமாம். அவன் மறுபடி விழுவானா என்பது அவனுடைய, அவன் வீட்டாருடைய கவலை. உங்கள் வரிப்பணம் அதற்கு முன்பே வசூலாகியிருக்கும், சார்.