பிக்கா, விரலா? பிள்ளையின் காது சொல்லட்டும்

கால்பந்து ஆட்டம் முடிந்த இரவில் பலேர்மோ துறைமுகப் பக்கம் நடந்தால், "போ போ போ" என்று இளைஞர்கள் பாடிப் போவது கேட்கும். 2006இல் இத்தாலி உலகக்கோப்பை வென்றபோது நாடே பாடிய மெட்டு அது. 2003இல் 'தி வைட் ஸ்ட்ரைப்ஸ்' வெளியிட்ட 'செவன் நேஷன் ஆர்மி' பாட்டின் தொடக்கம். பேஸ் கிட்டார் பழகும் பிள்ளைகளுக்கும் அது பிடித்த பாட்டு.

அங்கேதான் நம் வீடுகளில் கேள்வி வரும்: "அப்பா, டீச்சர் விரலால வாசி எண்டுறார். யூடியூப்பில பிக்கால வாசிக்கினம். எது சரி?"

"டீச்சர் சொன்னதைச் செய்" என்று முடித்துவிட அவசரப்படாதீர்கள். அந்தப் பாட்டில் பேஸ் கிட்டாரே இல்லை! ஜாக் வைட் சாதாரண கிட்டாரை ஒரு பெடல் வழியாக ஒரு ஸ்தாயி கீழே இறக்கி வாசித்தார். 'அசலில் எப்படி' என்று தேடினால் விடை கிடைக்காது. என்ன ஒலி வேண்டும் என்பதுதான் கேள்வி.

விரல் நுனியின் சதை தொட்டால் ஒலி உருண்டையாக, இதமாக வரும். இத்தாலியர் 'பிளெத்ரோ' என்கிற பிக் தொட்டால் ஒவ்வொரு ஸ்வரமும் கூர்மையாக, இரைச்சலான கிட்டார்களுக்கு நடுவிலும் தெளிவாகக் கேட்கும். 'குயின்' குழுவின் ஜான் டீக்கன் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' பாட்டை விரலால் வாசித்தார். 'ரமோன்ஸ்' குழுவின் டீ டீ பிக்கை மேலிருந்து கீழாகவே அடித்தார். இரண்டுமே ராக்தான்.

வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். அதே வரியை விரலால் ஒருமுறை, பிக்கால் ஒருமுறை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். போன் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலி சரியாக வராது, ஹெட்போனில் கேளுங்கள். "உனக்கு எது பாட்டுக்குப் பொருந்துது?" என்று கேளுங்கள். ஏன் என்று பிள்ளையே சொல்லட்டும். டீச்சரிடமும் அதைச் சொல்லட்டும். விரல் பயிற்சி வீணாகாது.

மணிக்கட்டு வலித்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். சின்னக் கைக்கு 34 அங்குல அளவுள்ள வழக்கமான பேஸ் பெரிது. 30 அங்குலக் குட்டை பேஸ் கேட்டு வாங்கலாம்.

"பிழை, பிழை" என்று கேட்டே வளர்ந்த பிள்ளை ஒருநாள் கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடும். தன் காதை நம்பப் பழகிய பிள்ளை அடுத்த பாட்டைத் தானே தேடிப் போகும்.